டர்பனில் இரண்டு கடைகளும் ஒரு போலி கிரைண்டரும்: பறிமுதல் வழக்கு ஒன்றின் ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் புறநகர்ப் பகுதியில் இரண்டு ஹார்டுவேர் கடைகள் மீது, பெயர்பெற்ற மின்கருவி நிறுவனம் ஒன்று போலிச் சரக்குச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுத்தது. இரண்டிலும் ஒரே நாள் காலையில் சோதனை நடந்தது. ஒரு கடையில் எடுத்தவை போலி. அந்தக் கடைக்காரர் சரக்கை இழந்தார், வழக்குச் செலவில் ஒரு பங்கையும் கொடுத்தார். மற்றக் கடையில் எடுத்தவை அசல். அவை திரும்பி வந்தன, செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

பறிமுதலான கருவிகளைப் பிரித்துப் பார்த்து அறிக்கை கொடுத்தவன் நான். மோட்டார் வைண்டிங்கும் கருவி பழுதுபார்ப்பதும் என் தொழில். வக்கீல் அல்ல. ஆனால் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், எந்தச் சட்டத்துக்காகப் போடுகிறேன் என்று அதை முழுதாகப் படித்தேன். வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டதால் கடைகளின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இங்கே வராது. சட்டமும் நடந்த முறையும்தான் நமக்கு வேண்டியவை. சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் வெருலத்திலும் டோங்காட்டிலும் ஹார்டுவேர் வியாபாரம் செய்யும் நம் குடும்பங்கள் பல. அந்தக் கடைகளில் கருவி வாங்கிப் பிழைப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. இரு தரப்புக்குமே இந்த வழக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கியாரண்டி மேசையில் வெளிப்பட்டது

இசிப்பிங்கோ பக்கம் கேட், ஜன்னல் கிரில் செய்யும் ஒரு பட்டறை. அங்கே வேலை செய்யும் வெல்டர் ஏணியில் நின்று 115 மி.மீ. ஆங்கிள் கிரைண்டரால் (டிஸ்க் சுழன்று உலோகத்தைத் தேய்க்கும், வெட்டும் கைக்கருவி) வெல்டிங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கையில் ஷாக் அடித்திருக்கிறது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. கருவி வாங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. பட்டறை முதலாளி அதை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனார்.

அங்கே வரிசை எண்ணைக் கணினியில் தட்டியதும், அதே எண்ணில் வேறொரு கிரைண்டர் வேறொரு ஊரில் ஏற்கெனவே கியாரண்டிக்குப் பதிவாகியிருப்பது தெரிந்தது. போலி செய்பவர்கள் பெரும்பாலும் ஓர் அசல் பெட்டியை வாங்கி, அதன் லேபிளைப் படமெடுத்து, அப்படியே அச்சடிக்கிறார்கள். அதனால் ஒரே எண் பல பெட்டிகளில் வந்து நிற்கிறது. பெட்டியின் நிறம், எழுத்தின் தடிமன், ஹோலோகிராம் ஒட்டு என்று இணையத்தில் சொல்லப்படும் அடையாளங்கள் எல்லாம் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. திரும்பத் திரும்ப வரும் வரிசை எண் மட்டும் போலியை எளிதில் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நிறுவனத்தின் ஆட்கள் சாதாரண வாடிக்கையாளர்களாக அந்தக் கடைக்குப் போய் இரண்டு கருவிகள் வாங்கினார்கள். இரண்டிலும் அதே எண். புகாருக்கு அதுவே அடித்தளம்.

பிரித்தபோது கண்டவை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழக்கில் டிரேட்மார்க் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். வெல்டரின் கையை முறித்தது டிரேட்மார்க் அல்ல.

கையில் பிடித்து வேலை செய்யும் கிரைண்டர், ட்ரில் போன்றவற்றின் லேபிளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருக்கும். இரட்டைக் காப்பு என்று அதற்குப் பொருள். இந்தக் கருவிக்கு எர்த் கம்பி கிடையாது. எர்த்துக்குப் பதிலாக, மின்சாரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே இரண்டு தடுப்புகள் இருக்க வேண்டும். மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மெச்சரில் அந்த இரண்டாவது தடுப்பு, ஷாஃப்டுக்கும் அதன் மேல் அடுக்கிய இரும்புத் தகடுகளுக்கும் இடையே இருக்கும் பிளாஸ்டிக் உறை. வைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுற்று) எரிந்து மின்சாரம் தகட்டுக்கு இறங்கினாலும் உறை அதை ஷாஃப்டுக்குப் போகவிடாது. ஷாஃப்டுக்குப் போனால் கியர், கியர் பெட்டியின் உலோக மூடி, அடுத்தது கை.

கிடங்கில் நான் திறந்த போலிகளில் அந்த உறையே இல்லை. தகடுகள் நேராக ஷாஃப்டின் மேல் இறுக்கப்பட்டிருந்தன. வெளியே சதுரத்துக்குள் சதுரம் பளிச்சென்று அச்சாகியிருந்தது. மின்சாரத்தைத் தடுத்தது வைண்டிங்கின் வார்னிஷ் பூச்சும் அதன் அடியில் வைத்த மெல்லிய காகிதமும் மட்டும்தான். காப்பின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் வைத்துப் பார்த்தேன். இந்த வகைக் கருவிக்கு உலகத் தரம் கேட்பது குறைந்தது 7 மெகாஓம். சில கருவிகள் புதிதாக இருந்தபோதே அதற்குக் கீழே காட்டின. சில தாண்டின. தாண்டியவையும் ஒருமுறை சூடேறியபின் எப்படி இருக்கும் என்பதைத்தான் அந்த வெல்டர் அனுபவித்தார்.

வயரைச் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. அதே பருமனுள்ள கம்பியாக இருந்தாலும் அதிகம் சூடாகும், இதுவோ பருமனிலும் குறைவு. பேரிங்கில் தயாரித்தவர் பெயர் இல்லை. டிஸ்க்கை மூடும் கார்டு தகடு விரலால் அழுத்தினால் வளைந்தது.

கார்டு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். 115 மி.மீ. வெட்டும் டிஸ்க்கில் 13,300 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று), நொடிக்கு 80 மீட்டர் என்று அச்சடித்திருக்கும். டிஸ்க்கின் விளிம்பு அந்த வேகத்தில் மணிக்கு 288 கிலோமீட்டர் போகிறது. கிரைண்டர் அதற்குக் குறைவாக, சுமார் 11,000 சுற்றில் ஓடும்படி செய்யப்படுகிறது. அந்த இடைவெளிதான் பாதுகாப்பு. டிஸ்க் உடைந்தால் துண்டுகள் முகத்துக்கு வராமல் தடுப்பது அந்த ஒரு தகடுதான்.

அறிக்கையில் ‘இது போலி’ என்று நான் எழுதவில்லை. வக்கீல் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: போலியா இல்லையா என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய சட்டக் கேள்வி, நான் அசலையும் இதையும் பக்கத்தில் வைத்து என்னென்ன வேறுபாடு என்று மட்டும் சொன்னால் போதும். அது சரியான அறிவுரை. தன் எல்லைக்குள் நின்று பேசும் சாட்சியை எதிர்த்தரப்பு அசைப்பது கடினம்.

வாரண்டும் நாள் கணக்கும்

1997-ஆம் ஆண்டின் 37-ஆம் எண் சட்டம்தான் போலிச் சரக்குச் சட்டம். 1998 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வணிக முத்திரையின் (டிரேட்மார்க்) உரிமையாளரோ, உரிமம் பெற்றவரோ, விநியோகிப்பவரோ ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். சார்ஜென்ட் பதவி முதல் மேலே உள்ள போலீஸ் அதிகாரிகள் இந்தச் சட்டப்படி ஆய்வாளர்கள். சுங்க அதிகாரிகளுக்கும் அந்த அதிகாரம் உண்டு. ஆய்வாளர் நீதிபதியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ சத்தியப் பிரமாணத்துடன் தகவல் வைத்து வாரண்ட் வாங்குகிறார். அவசரமென்றால் வாரண்ட் இல்லாமலும் நுழையலாம். ஆனால் பத்து நீதிமன்ற நாட்களுக்குள் மனு கொடுத்து, நீதிமன்றத்தில் அதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இங்கே வாரண்ட் இருந்தது.

பறிமுதலுக்குப் பிறகு புகார் கொடுத்தவருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆய்வாளர் சரக்கைப் பட்டியல் போட்டு, சீல் வைத்து, அதற்கென்று உள்ள கிடங்குக்கு அனுப்பி, 72 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். அந்த அறிவிப்புக்குப் பின் 3 நாளில் குற்றப் புகார் பதிவாக வேண்டும். 10 வேலை நாட்களுக்குள், குற்ற வழக்குத் தொடரப்போகிறோம் என்று அரசுத் தரப்போ, உரிமையியல் வழக்குத் தொடரப்போகிறேன் என்று புகார்தாரரோ அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் சரக்கு, போலியாகவே இருந்தாலும், எடுத்த இடத்துக்கே திரும்பிப் போகும்.

நிறுவனத்தின் வக்கீல்கள் அரசுத் தரப்பை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. குற்றப் புகாரை மறுநாளே கொடுத்துவிட்டு, உரிமையியல் அறிவிப்பையும் கெடுவுக்குள் கொடுத்தார்கள். அரசுத் தரப்பிலிருந்து அந்தப் பத்து நாளில் எதுவும் வரவில்லை. சரக்கு கிடங்கிலேயே தங்கியதற்கு அந்த இரண்டாவது அறிவிப்புதான் காரணம்.

‘எனக்குத் தெரியாது’ என்பதன் கதி

முதல் கடைக்காரரை நான் பல வருடமாக மாமா என்றுதான் அழைக்கிறேன். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து விரட்டப்பட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பம். அப்பா ஒரு சிறு கவுண்டரில் ஆணியும் பெயிண்டும் விற்றுத் தொடங்கிய கடை. “தம்பி, நான் தெரிஞ்சு ஒருத்தருக்கும் கெட்ட சாமான் குடுத்ததில்ல” என்று என்னிடம் சொன்னார். அது உண்மை என்றே நம்புகிறேன்.

சட்டம் அதோடு நிற்பதில்லை. 2-ஆம் பிரிவின்படி, விற்றவருக்குச் சரக்கு போலி என்று தெரிந்திருந்தால் குற்றம். சந்தேகப்படக் காரணம் இருந்திருந்தாலும் குற்றம். நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கத் தவறியிருந்தாலும் குற்றம். இந்த மூன்றில் ஒன்று போதும். தெரியாது என்ற பதில் முதல் கதவை மட்டுமே அடைக்கிறது.

மாமாவின் விஷயத்தில் மற்ற இரண்டு கதவுகளும் திறந்தே கிடந்தன. கருவிகளைக் கொண்டுவந்தவன் பக்கியில் (சிறு சரக்கு வண்டி) வந்து, ரொக்கம் வாங்கிக்கொண்டு, பில் இல்லாமல் இறக்கிவிட்டுப் போனவன். விலை, நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் கொடுக்கும் விலையைவிட நன்றாகவே குறைவு. வாட் இன்வாய்ஸ் ஒன்றுகூட இல்லை. இவற்றையெல்லாம்விட அவரைக் கவிழ்த்தது கவுண்டருக்கு அடியில் இருந்தது: ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த எரிந்த கிரைண்டர்கள். நல்ல மனதோடு, கேள்வி கேட்காமல் வேறு ஒன்றை மாற்றிக் கொடுத்திருக்கிறார். எரிந்தவற்றை நிறுவனத்துக்கு அனுப்பவேயில்லை. அனுப்பியிருந்தால் முதல் கருவியிலேயே உண்மை தெரிந்திருக்கும். அசலை நம்புகிற எந்தக் கடைக்காரரும் கியாரண்டியில் மாற்ற வேண்டிய கருவியைத் தன் கைக்காசில் மாற்றிக் கொடுக்க மாட்டார் என்று நிறுவனத்தின் தரப்பு வாதிட்டது. அந்த வாதத்துக்கு மாமாவின் வக்கீலிடம் பதில் இருக்கவில்லை.

பெட்டியில் எழுத்துரு வேறு, மாடல் எண்ணில் ஓர் எழுத்து வித்தியாசம், ஆகவே இது நகலே அல்ல என்று ஒரு வாதம் எழுப்பிப் பார்த்தார்கள். அதற்கு 2010-லேயே பதில் கிடைத்துவிட்டது. பூமா எதிர் ராம்பார் டிரேடிங் என்ற காலணி வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் துணைத் தலைவராக இருந்த லூயிஸ் ஹார்ம்ஸ் தீர்ப்பு எழுதினார். போலி என்றால் அச்சு அசலான நகலாக இருக்க வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் ஒரு பாதி. போலி எல்லாமே டிரேட்மார்க் மீறல்தான், ஆனால் டிரேட்மார்க் மீறல் எல்லாம் போலி ஆகிவிடாது, ஏமாற்றும் நோக்கம் அதில் இருக்க வேண்டும் என்பது மறுபாதி. நிறுவனத்தின் பெயரையும் லேபிளையும் வரிசை எண்ணையும் அப்படியே போட்டிருக்கும் கருவியில் அந்த நோக்கத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

தண்டனை, பொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. முதல் குற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ராண்ட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை 10,000 ராண்ட், 5 ஆண்டு. அலமாரியில் ஐம்பது கருவி இருந்தால் உச்சவரம்பு 2,50,000 ராண்ட் என்று நீங்களே கணக்குப் போடலாம். சமரசப் பேச்சின்போது மாமாவின் முகம் வெளுத்தது இந்தக் கணக்கைக் கேட்டபிறகுதான்.

இரண்டாவது கடை

இரண்டாவது கடைக்காரர் இளைஞர், அதே நிறுவனத்தின் கருவிகளை துபாய் மொத்த வியாபாரியிடமிருந்து நேராக வரவழைத்தவர். விலை அங்கேயும் குறைவுதான். சோதனை நடந்தபோது எல்லா இன்வாய்ஸும், டர்பன் துறைமுகச் சுங்கத்தில் வரி கட்டிய ஆவணங்களும் கோப்பில் இருந்தன. ஆய்வாளர் அவற்றை வாங்கிக்கொண்டார், சரக்கையும் எடுத்துக்கொண்டார்.

கிடங்கில் நான் திறந்தபோது ஆர்மெச்சரில் உறை இருந்தது, வயர் செம்பு, பேரிங்கில் பெயர். வரிசை எண்கள் ஒன்றுக்கொன்று வேறு, நிறுவனத்தின் சொந்தப் பட்டியலிலேயே இருந்தன. வேறொரு நாட்டுச் சந்தைக்காக அதே நிறுவனம் செய்த கருவிகள். இவற்றைக் கிரே கூட்ஸ் என்பார்கள். இவை போலி அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, டிரேட்மார்க் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வந்த சரக்கு என்று தெளிவாக அறிவிப்பு வைத்து விற்கச் சொல்கிறது. அந்த அறிவிப்பு அவர் கடையில் இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. மின்கருவிகளுக்கான கட்டாயத் தர விதிப்படி இறக்குமதியாளர் பெற வேண்டிய அனுமதிக் கடிதம் வேறு விஷயம். அதை அவர் தனியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இந்தக் கடையில் நடந்தது அநியாயம் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். வாரண்டுக்கான பிரமாணப் பத்திரத்தில் இரண்டு கடைகளையும் ஒரே மூச்சில் எழுதியிருந்தார்கள். முதல் கடையில் செய்ததுபோல இங்கேயும் ஒரு கருவி வாங்கி எண்ணைத் தட்டிப் பார்த்திருந்தால் அந்தச் சோதனையே நடந்திருக்காது. போலீஸ் வண்டி நின்ற கடை என்று தெருவில் பேர் கெட்டது, சரக்கு இல்லாமல் வியாபாரம் முடங்கியது.

சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. தவறான பறிமுதலால் வந்த நஷ்டத்துக்குப் புகார்தாரரைப் பொறுப்பாக்குகிறது 17-ஆம் பிரிவு. இங்கேயும் 2010-இல் வந்த தீர்ப்பு ஒன்று துணைநிற்கிறது: கேடாக் எதிர் வெபர்-ஸ்டீபன், இறைச்சி சுடும் கிரில் பற்றிய வழக்கு. வெபர் தரப்பு பெற்ற வாரண்ட் ரத்தாகி, கேடாக் நஷ்டஈடு கேட்டது. அப்படிக் கேட்பவர் முழு நீள வழக்கைத் தனியாகத் தொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்பது கேள்வி. மனுவின் மூலமாகவே பொறுப்பைத் தீர்மானித்துக்கொண்டு, தொகையைப் பிறகு விசாரிக்கலாம் என்று அதே ஹார்ம்ஸ் எழுதினார். சிறு வியாபாரிக்கு இது பெரிய ஆறுதல். இளைஞரின் வக்கீல் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி ஒரு கடிதம் எழுதினார். சரக்கும் செலவும் சீக்கிரமே வந்தன.

சமரசத்தில் இருந்ததும் விடுபட்டதும்

மாமாவோடு செய்த சமரசம் நீதிமன்ற உத்தரவாகவே பதிவானது. போலிகளை ஒப்படைத்து அழிக்கச் சம்மதித்தார், இனி அந்த முத்திரையுள்ள சரக்கை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரைத் தவிர யாரிடமும் வாங்குவதில்லை என்று உறுதி கொடுத்தார், செலவில் ஒரு பங்கு கட்டினார். லேபிளைச் சுரண்டிவிட்டுப் பெயரில்லாத கருவியாக விற்கட்டுமா என்று அவர் மகன் கேட்டான். உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமே, விதிவிலக்கான சூழ்நிலை தவிர, முத்திரையை நீக்கினால் மட்டும் போதாது என்கிறது. அந்த ஆர்மெச்சர்களைப் பார்த்தவன் என்ற முறையில், அவை ஒன்றுவிடாமல் நசுக்கப்பட்டதில் எனக்கு நிம்மதி.

சரக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்வதுதான் சமரசத்தின் உயிர்நாடியான நிபந்தனை. 10-ஆம் பிரிவின்படி நீதிமன்றமே அப்படிச் சொல்ல உத்தரவிடலாம். குற்றவாளி என்று தீர்ப்பானாலும், மூலத்தை முழுமையாகவும் உண்மையாகவும் ஆய்வாளரிடம் சொன்னவருக்குத் தண்டனையைக் குறைக்க 19-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே பிரிவு, உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தான போலி என்றால் தண்டனையைக் கூட்டவும் சொல்கிறது. கைப்பையும் கிரைண்டரும் ஒன்றல்ல என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

மாமா பக்கிக்காரனின் தொலைபேசி எண்ணையும் வண்டி எண்ணையும் கொடுத்தார். அங்கிருந்து துறைமுகத்துக்கு அருகே ஒரு கிடங்கு, அங்கிருந்து ஓர் இறக்குமதிப் பெயர். நிறுவனம் இப்போது சுங்கத்திடம் 15-ஆம் பிரிவின்படி மனு கொடுத்திருக்கிறது. இனி அந்த முத்திரையோடு சந்தேகத்துக்குரிய கன்டெய்னர் வந்தால் துறைமுகத்திலேயே நிறுத்தலாம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கவுண்டரில் நிற்கும் மாமாவைப் பிடிப்பது எளிது, ஆனால் அவர் அலமாரி காலியானதும் அடுத்த தெருவில் இன்னொரு அலமாரி நிறையும்.

விடுபட்டது வெல்டரின் கை. சமரசப் பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஏற்கெனவே விற்றுப்போன கருவிகளை என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. டிரேட்மார்க் வழக்கில் அவை இடம்பெறுவதில்லை என்பது வக்கீல்களின் பதில். உண்மைதான், ஆனால் அந்தக் கருவிகள் இன்றும் யாரோ ஒருவர் கையில் ஓடுகின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, குறையுள்ள பொருளால் காயமடைந்தவருக்கு இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் எல்லாரையும் பொறுப்பாக்குகிறது. அலட்சியம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தக் குறையைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று கடைக்காரர் வாதிடலாம். கவுண்டருக்கு அடியில் எரிந்த கிரைண்டர்கள் இருந்த கடைக்கு அந்த வாதம் உதவுமா என்று நான் சந்தேகிக்கிறேன். வெல்டர் அந்தக் கோரிக்கையைத் தொடங்கியிருக்கிறார். என் அறிக்கையின் நகலை அவருடைய வக்கீலுக்கும் கொடுத்தேன்.

மாமா தானாகவே பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். வாங்கி ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் ஆறு மாதம் தாண்டியவற்றையும் வாங்கிக்கொள்கிறார். முதலில் ரசீது கேட்டார். ரொக்கத்தில் விற்று ரசீதே கொடுக்காத கருவிக்கு ரசீது கேட்பது சரியல்ல என்று அவரிடம் சொன்னேன். இப்போது கருவியில் அந்த வரிசை எண் இருந்தால் போதும் என்கிறார்.

உங்களிடம் இந்த வகைக் கிரைண்டர் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வரிசை எண்ணை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுத்துச் சரிபாருங்கள். அதுவரை ஏணிமேல் அதை எடுத்துப் போகாதீர்கள். பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். மெக்கரில் வைத்துப் பார்க்க நான் காசு வாங்குவதில்லை.